படிகத்தின் விளிம்பு

...விளிம்பு இல்லை என்று நேற்றே எழுதியாகிவிட்டது, யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று அறிவித்தும் ஆகிவிட்டது, ஆனால் விளிம்பு எப்படி இல்லாமல் போகும்? எரிமலை துப்பிய சாம்பலில் படிகங்களைப் பொறுக்கி, பிசினில் பதித்து, ஒளி ஊடுருவும் வரை தேய்க்க வேண்டும், கடைசித் தேய்ப்புக்கு மாவு போன்ற பொடி, கூட வேலை பார்க்கும் அவசரக்குடுக்கை கரகரப்பான பொடியிலேயே முடித்துவிட்டான், ஓரமெல்லாம் பெயர்ந்துவிட்டது, காணாததைக் காணோம் என்று எழுதினான், அவனளவில் நியாயம்தான்... நான் புதிதாகத் தேய்த்த சில்லு இப்போது நுண்ணோக்கியில். மலைக்கடியில் பழைய பாறைக்குழம்பு ஆறிக் கெட்டியாகிக் கிடக்கும், கீழிருந்து அதைவிடச் சூடான குழம்பு வந்து புகுந்தால் பழையது இளகும், கரைந்திருந்த வாயு குமிழ்விடும், குலுக்கிய சோடா பாட்டில்தான், மூடி தாங்கினால் சரி, தாங்காவிட்டால்... கலந்த குழம்பில் படிகம் புதிதாக ஒரு தோல் வளர்த்துக்கொள்ளும், அதுதான் விளிம்பு, நாளாக ஆக உள்ளும் தோலும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி எல்லை மங்கும். இதோ விளிம்பு. அடுத்ததிலும். எல்லை கத்தியால் கீறியதுபோல், மங்கவே இல்லை, அப்படியானால் கலந்து அதிக நாளாகவில்லை... பதற வேண்டும், பதறவில்லை, அம்மா போனதிலிருந்து இப்படித்தான், மரத்த காலைத் தொட்டால் வேறு யாருடைய காலோ என்று இருக்குமே, அப்படி.

ஆய்வகத் தலைவர் குனிந்து பார்த்தார், நிமிர நேரமாயிற்று. “அந்தப் பயலைக் கூப்பிடும்மா... வேணாம், அவனை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஊரைக் காலி பண்ணச் சொல்லணும்.” அவர் போனில் கத்திக்கொண்டிருக்கையில் நான் என் போனை எடுத்தேன், மலையடிவாரத்தில் தங்கை, அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்ற சண்டையோடு நின்ற பேச்சு.

“என்ன அதிசயம், யாரு செத்தது?”

“புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துருடி. இப்பவே.”

“வெடிக்குமா?”

“தெரியல. அடியில கலந்திருக்கு, அவ்வளவுதான் தெரியும்.”

“நேத்து ஒண்ணுமில்லன்னு உங்க ஆபீஸ்தானே சொல்லுச்சு?”

“தப்பாத் தேச்சுட்டோம்.”

“நல்லாத் தேச்சீங்க போ!” சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. “அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்குக்கூட நீ என்னை வீட்டுக்கு வான்னு சொல்லலியேக்கா.”

அதற்குள் அலமாரி திறக்கும் சத்தம், ஒருத்தனை அதட்டுகிறாள், பையின் ஜிப், வருகிறாள்... அப்போதுதான் உள்ளே என்னவோ லேசாக அசைந்தது, பயம் என்றுதான் முதலில் நினைத்தேன், பயமில்லை, நிம்மதி, ஒரு மலையே கொதித்துக்கொண்டிருக்கும்போது நிம்மதியா, இது நடக்காமல் இருந்திருந்தால் இவளை எப்போது கூப்பிட்டிருப்பேன், கூப்பிட்டிருப்பேனா...