கடைசிச் சவுக்காரம்

முப்பத்தெட்டு நாளாகியும் பிள்ளையின் கொப்பூழ்க்கொடி விழவில்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, தாய், கொடிகாமத்துப் பூரணம், குழந்தை வைத்திய டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதத்தோடு யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து துணியை விலக்கிக் காட்டினாள். கறுத்துச் சுருங்கிய கொடி வயிற்றில் அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு சொட்டுச் சீழ் இல்லை. பிள்ளை அழவும் இல்லை. ஆட்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஊரில் இதற்குக் காரணம் எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. மூத்த பெண்பிள்ளை நாற்பதாம் நாள் கொப்பூழ்ப் புண்ணில் செத்துப்போனது. செத்த அந்த அக்காதான் தங்கச்சியின் கொடியைப் பிடித்துக்கொண்டு விடுகுதில்லையாம்.

ஆய்வுகூடத்து டொக்டர் தேவகுமாரிக்கு வேறு காரணம் தெரியும். மானிப்பாயிலிருந்து எடின்பரோ போய் ஆறு வருசம் அவள் ஆராய்ந்தது ஒன்றே ஒன்றைத்தான்: இரத்தத்தின் வெள்ளை அணு நாளச்சுவரில் எப்படி ஒட்டுகிறது? ஒட்டினால்தான் அது சுவரைக் கடந்து புண்ணுக்குப் போய்க் கிருமியோடு மல்லுக்கட்டும். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு அந்தப் பிடி பிறவியிலேயே இல்லை. கொடி விழப் பிந்தும், சீழ் வராது, பிறகு ஒரு சின்னக் கீறலே போதும். கட்டுரைகளில் மட்டும் படித்த நோய் தன் மேசைக்கே வந்துவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. சொல்லக் கூசுகிற சந்தோசம்தான்.

சண்டையில் மின்சாரம் நின்று மூன்று வருசமான ஆய்வுகூடம் அது. நுணுக்குக்காட்டிக்கு யன்னல் வெயில், சூட்டுக்குச் சுடுதண்ணிப் போத்தல். முந்தி ஒருதரம் பாவித்து எறிந்த கண்ணாடித் தட்டுகளை இப்போது ஊழியர் தம்பிஐயா கழுவிக் கழுவித் தருவார். தட்டில் ஒரு துளி இரத்தத்தை விட்டு, அரைமணி நேரம் சூட்டில் வைத்து, உப்புநீரால் அலசவேண்டும். சுகமான ஆளின் வெள்ளை அணுக்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க அவள் எப்போதும் தன் இரத்தத்தையே எடுப்பாள். அந்தத் தட்டுகளுக்கென்று அவள் பேர் எழுதிய தனித் தகர ரின் ஒன்று இருந்தது.

அவளுடைய தட்டில் நூற்றுக்கு மேல் நின்றன. பிள்ளையின் மூன்று தட்டிலும் ஒன்றுமில்லை. சனம் இடம்பெயர்ந்து போன தெரு மாதிரி வெறும் வெளிச்சம். நிமிர்ந்தால், பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூத்ததைப் பறிகொடுத்த பயத்தில், எங்கெங்கோ தேடி வாங்கிய ஸ்பிரிட்டை மணிக்கொருதரம் கொப்பூழில் பூசுவதாகப் பூரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப் பூசினாலே கொடி விழப் பிந்தும். தேவகுமாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கு வைத்தியம் இருந்தால் கொழும்பில்தான் என்றாள். கொழும்புக்குப் பாதை ஒன்றுதான். கிளாலியில் படகேறி இருட்டில் கடலேரியைக் கடக்கவேண்டும். அங்கே படகுகளுக்குக் கடற்படையின் துவக்குச்சூடு விழுவது எல்லாருக்கும் தெரியும்.

"போனால் பிள்ளை தப்புமோ, டொக்டர்?"

"இஞ்சை வைச்சிருந்தால் தப்பாது. இண்டைக்கே வெளிக்கிடுங்கோ."

பூரணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் தட்டுகளை எடுக்க வந்த தம்பிஐயா, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"சவுக்காரம் முடிஞ்சுது மிஸ். மற்றத் தட்டுகளைப் பத்து நாளாப் பனங்களியிலைதான் கழுவிறன். உங்கடை ரின்னுக்கு மட்டும் கடைசித் துண்டை ஒளிச்சு வைச்சிருந்தனான். உங்கடை ரத்தமெல்லோ."

தடையால் சவுக்காரம் வராத அந்த வருசம் ஊரெல்லாம் பனம்பழக் களியில்தான் உடுப்புத் தோய்த்தது. மனுசன் மரியாதை செய்திருக்கிறார், அவரில் என்ன பிழை? இத்தனை படித்தவள், தட்டு எதில் கழுவினது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பனங்களியில் கழுவிய தட்டொன்றில் தன் இரத்தத்தை விட்டுப் பார்த்தாள். களி விட்ட படலத்தில் ஒன்றும் நிற்கவில்லை. குழாயில் மிஞ்சியிருந்த பிள்ளையின் இரத்தத்தைத் தன் ரின்னிலிருந்த நல்ல தட்டில் விட்டாள். அலசினாள். நின்றன. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அலசினாள். கால் நீட்டிக் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனையும் நின்றன. பிள்ளைக்கு ஒரு நோயுமில்லை.

தம்பிஐயா அந்த வயதிலும் சைக்கிளில் கிளாலிக்குப் பறந்தார். தேவகுமாரி தட்டை ஈரத்துணியால் மூடிவிட்டு, கதிரையை விட்டு அசையாமல் இருந்தாள்.

விடிந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். வாசற்படியில் குந்தி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். பச்சைப்பிள்ளைக்காரி என்று இரங்கி, பூரணத்தை முதல் படகிலேயே ஏற்றிவிட்டார்களாம். அந்தப் படகு மட்டும் கரை சேரவில்லை.

தேவகுமாரி துணியை விலக்கித் தட்டை யன்னல் வெயிலில் வைத்துக் குனிந்தாள். பிள்ளையின் அணுக்கள் இன்னும் உயிரோடு இருந்தன. மெல்ல மெல்ல அசைந்தன. உப்புநீரை எடுத்து அலசினாள். ஒன்றும் போகவில்லை. திரும்ப அலசினாள்.

"போதும் பிள்ளை, விடு" என்றாள்.

அது விடவில்லை.