அண்ணனுக்கு மிச்சமிருந்த வார்த்தை

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒலித்தொகுப்பு செய்த ஒரு படத்திலிருந்து ஒரு கெட்ட வார்த்தையை வெட்டியவன் நான்தான். தணிக்கையில் வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். இப்போது படத்தை இணையத்தில் விடுகிற கம்பெனி, "வெட்டினத திரும்ப ஒட்டுங்க சார், இப்ப ஜனங்க அதத்தான் கேக்குறாங்க" என்கிறது. மூல ஒலிநாடாவை அன்றைக்கே அழித்துத் தொலைத்தாயிற்று. வெட்டவும் நான், ஒட்டவும் நான். அலுத்துப்போய்விட்டது எனக்கு.

அதைப் பேசிய வில்லன் நடிகர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம். ஒரு வார்த்தைதானே, முயற்சி பண்ணுங்கள் என்றார்கள். மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அண்ணி கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே டிவி அலறியது. வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போயிற்று.

"கிண்டல் பண்றீங்களா தம்பி? அவருக்கு எல்லாப் பேச்சும் போச்சு. அந்த ஒண்ணுதான் மிச்சம். தண்ணிக்கும் அதான், தலைவலிக்கும் அதான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் நாள் பூரா டிவிய அலற விட்டிருக்கேன்."

நான் படத்தில் செய்த வேலையை அண்ணி வீட்டில் செய்துகொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

"நீங்க வேணாம்னா வேற யார் குரலையாவது அண்ணன் வாயில ஒட்டிடுவாங்க அண்ணி."

அண்ணி டிவியை அணைத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் முப்பது தடவை பதிவாகிவிட்டது. ஆனால் காட்சிக்குத் தேவை கோபம். எதில் கோபம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை அண்ணியிடம் கொடுத்தேன்.

"இது தண்ணி. இது வெயில் அடிக்குது, திரைய இழுன்னு. இது உங்கள உக்காரச் சொல்றாரு. இது தலைவலி."

தலைவலி கிட்டத்தட்டக் கோபம் மாதிரியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு ஜனங்கள் விசிலடிப்பார்கள். அடிக்கட்டும்.

அடுத்ததைக் கேட்டதும் அண்ணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இத மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க தம்பி. இது என்னையக் கூப்பிடுறது."

அவர் எதிரிலேயே அதை அழித்தேன். அதற்குள் அறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"தோ வந்துட்டேங்க" என்று அண்ணி எழுந்து போனார். டிவியைப் போடவில்லை.