வாணலியில் சிவந்த மஞ்சள்

அம்மாவுக்கு மஞ்சள் என்றால் உயிர். எங்கள் வீட்டில் திரைச்சீலையிலிருந்து அவள் செருப்பு வரைக்கும் மஞ்சள்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா மஞ்சள் உடை வாங்கி வருவார். நான் ஓவியம் படிக்கப்போகிறேன் என்றதும் அப்பா உட்பட எல்லோரும் குதித்தார்கள். ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டி என்னைக் கல்லூரியில் சேர்த்தவள் அம்மா. அதனால் முதல் கண்காட்சியில் அவளையே மஞ்சள் உடையில் வரைந்துவைத்து, அவள் முகம் மலர்வதைப் பார்த்தே தீருவது என்று இருந்தேன்.

கடைச் சாயம் கூடாது, நாமே செய்த ஒரே நிறமும் வெள்ளையும் மட்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை. நானும் என் கூட்டாளியும் கட்டடத்துக்குத் தோண்டிய குழியிலிருந்து மஞ்சள் மண் அள்ளிவந்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளியவைத்தோம். கூட்டாளிக்கு வகுப்பில் வைத்த பெயர் ‘அவசரம்’. மண் காயும்வரை பொறுக்க முடியாமல், நான் இல்லாத நேரம் பார்த்து அதை வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். பிறகு போனில் அரட்டை. நான் வந்து பார்த்தபோது வாணலியில் செங்கல் நிறத்தில் பொடி இருந்தது.

மஞ்சள் மண் வறுபட்டால் சிவந்துவிடுமாம். ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழியில் அதற்குள் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அவசரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பொடியைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்கத் தொடங்கினாள். கரகரத்த பொடி மெல்ல வெண்ணெயாய் இளகியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாறி மாறி அரைத்தோம். இரண்டு பேருக்கும் மூக்கு, காது எல்லாம் சிவப்பு. கோபம் போன இடம் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். படத்தில் சிவப்பு உடையில் தன்னைப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நான் பதறிப்போய் வாணலிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

“எனக்கு சிவப்புதான் பிடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்கு அதைவிட.

“அப்போ மஞ்சள்?” என்றார்.

“கல்யாணமான புதுசுல நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. உங்க மூஞ்சி வாடக் கூடாதேன்னு நல்லாருக்குன்னு சொன்னேன். அதோட மாட்டிக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படம் பார்த்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அப்பா தலையைச் சொறிந்தார்.

“வேற என்னெல்லாம் பிடிக்காது?” என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா அவர் கையைப் பிடித்து அங்கிருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள்.

“உக்காருங்க,” என்றாள். “கொஞ்ச நேரமாகும்.”