அழகுக்கு இரண்டு சாண்

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஓவியக்காரியை அக்கா ஃபோனில் கூப்பிட்டாள்.

"தண்ணி வாசப்படி ஏறிடுச்சுடி. ஆனா ஒன் மீன் வாயத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கு."

ஓவியக்காரி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். "வெளிக் குழாய் தெரியுதாக்கா?"

"குழாயா? அது முழுகிக் கால் மணி ஆச்சே."

போன வருடம் நகராட்சி வெள்ளத் திட்டம் போட்டபோது, அறிவிப்பை எவரும் படிப்பதில்லை, படம் போட்டால் பார்ப்பார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்தார். ஆற்றங்கரைத் தெருவில் வீட்டுக்கு ஒரு மீன் வரையச் சொன்னார்கள். தண்ணீர் மீன் வாயைத் தொட்டதும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் அரைமணியில் வழியிலிருக்கும் சின்னப் பாலம் முழுகிவிடும். எஞ்சினியர் சுவர் சுவராக அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொடுத்தார். கோட்டில் வாயை வைத்து வரைவது இவள் வேலை.

அக்கா வீட்டில் மட்டும் கோட்டின் மேலேயே குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மீன் வாயில் குழாய் முளைத்தால் பார்க்கச் சகிக்குமா? இரண்டு சாண் ஏற்றி வரைந்தாள். யாரும் அளந்து பார்க்கவில்லை. அவள் வரைந்ததிலேயே அழகான மீன் அதுதான். திட்டப் புத்தகத்தின் அட்டையில் வந்தது. அன்றிலிருந்து தெருவே தங்கள் வீட்டு மீனை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறது.

"மாமாவக் கூட்டிட்டு இப்பவே கெளம்புக்கா."

"சக்கர நாற்காலிய இந்த மழையில தள்ளச் சொல்றியா? சரியான பயந்தாங்கொள்ளிடி நீ! தெருவுல எல்லாரும் இங்க வந்து வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. தொட்டதும் சேந்து கெளம்பலாம்னு இருக்கோம்."

நான் தப்பாக வரைந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்ததுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது, விழுங்கிவிட்டாள். அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தாள், மணியே அடிக்கவில்லை.

எச்சில் கையோடு ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் போனது. மேட்டுத் தெரு இறங்கி அவள் பாலத்துக்கு வந்தபோது அதன்மேல் தண்ணீர் மெல்லிசாக ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் முதல் வீடு அக்காவுடையது. வாசலில் மாமாவின் நாற்காலிக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் குடை பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"நான் தப்பா வரஞ்சுட்டேன்! மீன் தப்பு! வாங்க, எல்லாரும் வாங்க!"

ஆற்றின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் வா வா என்று வீசிக்காட்டினாள். பாலத்தில் காலை வைத்தாள். தண்ணீர் கணுக்காலைப் பிடித்து இழுத்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இன்னோர் அடி வைத்தாள்.

அக்கா அவளைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். சுவர்ப் பக்கம் குனிந்து மீனின் வாய்க்குக் கீழே விரல்களை விரித்து வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை அப்படியே உயர்த்தி, பயப்படாதே என்று காட்டினாள். இன்னும் அரைச் சாண்.