நடுவில் விழுந்த பந்து

"ராக்கெட் வேண்டாம்மா. கார்பன். எரியாது, உலையைக் கெடுத்துடும்."

தகனக்கூடத்து ஊழியர் சவப்பெட்டிக்குள்ளிருந்து அந்த டென்னிஸ் மட்டையை மெல்ல வெளியே எடுத்தபோது, அழ வேண்டிய ஷியோரிக்குச் சிரிப்பு வந்தது. நாட்டின் பாதி ஆட்டக்காரிகளை ஓட ஓட விரட்டிய மனுஷி அம்மா மிட்சுயோ. கடைசிப் பயணத்துக்கு வெறுங்கையோடு போகிறாள். உயிரோடு இருந்திருந்தால் அந்த ஊழியரை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

உலைக் கதவு மூடியதும் எல்லோரும் காத்திருப்பு அறையில் தேநீரும் அரிசி முறுக்குமாக உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கறுப்பு உடையில் ஒரு பெண் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே வந்தாள்.

"வந்துட்டாளா மகராசி! எலும்பு எடுக்கறப்ப ஓரமா நிக்கச் சொல்லு. அது சொந்தக்காரங்க வேலை" என்றார் தொக்குஜி மாமா, அம்மாவின் தம்பி.

கனாயே. நூலாலை அணியில் காலையில் அலுவலகம், மதியத்துக்கு மேல் ஆட்டம் என்று அம்மாவோடு ஒரே விடுதி அறையில் காலம் தள்ளிய இரட்டையர் ஜோடி. தேசிய இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதோடு ஆட்டமும் போச்சு, பேச்சும் போச்சு. ஏன் என்று கேட்டால் அம்மா, "மீன் ஆறுது, சாப்பிடு" என்பாள்.

அந்தக் கேள்வியும் அம்மாவோடு எரிந்துவிடக் கூடாது. ஷியோரி நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் பந்து யாரோடது?"

மாமாவுக்குத் தேநீர் புரையேறியது. "சாவுல கேக்கற கேள்வியாடி இது?"

"வேற எங்க கேக்கறது மாமா? ஒருத்தங்க உள்ள போயாச்சு."

கனாயே அவளையே பார்த்தாள். அப்புறம், "மூக்கு மட்டுமில்ல, வாயும் அவளோடதுதான்" என்றாள். "பந்து என்னோடது. நான் இடதுகைக்காரி, அவ வலதுகை. அன்னிக்கு நின்ன நிலைக்கு நடுவுல வந்தா ரெண்டு பேருக்கும் வாகுதான். ஆனா நான்தான் எடுக்கணும்னு பேச்சு. முட்டி வரல."

"அதுக்கா சண்டை?"

"மறுநாள் பத்திரிகைக்காரங்ககிட்ட உங்கம்மா 'என் தப்பு'ன்னுட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. என் முட்டி போச்சுன்னு அவளுக்குத் தெரியும். பாவம் பாத்துப் பழியைத் தூக்கிக்கிட்டா. அவ இரக்கம் யாருக்கு வேணும்? நான் என் தப்புன்னேன். அவ இல்லவே இல்ல, தன் தப்புன்னா. முத்திப்போச்சு."

ஊரெல்லாம் பழியை அடுத்தவர் தலையில் கட்டத்தான் அடித்துக்கொள்கிறது. இவர்கள் அதைப் பிடுங்கிக்கொள்ளச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஷியோரிக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது.

"அப்புறமாவது ஒரு தடவை வந்திருக்கலாமே?"

"அவ முதல்ல வருவான்னு இருந்தேன்" என்றாள் கனாயே. "அவளும் அப்படித்தான் இருந்திருப்பா."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, முறுக்கைக் கடித்துக்கொண்டார்.

அழைப்பு வந்தது. தட்டில் அம்மா வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தாள். வீட்டுச் சாப்பாட்டில் ஒரே துண்டை இருவர் சாப்பாட்டுக் குச்சியால் பிடித்தால் அடி விழும். இங்கே மட்டும் இருவர் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். கால் பக்கமிருந்து இரண்டிரண்டு பேராக எலும்புகளை எடுத்துக் குடத்தில் இட்டார்கள். கனாயே சுவரோரம் நின்றாள்.

கடைசியாகத் தொண்டை எலும்பு. மிக நெருங்கியவர்களான மகளும் தம்பியும் எடுக்க வேண்டியது. மாமா குச்சிகளோடு குனிந்தார், நிமிர்ந்தார். திரும்பிப் போய் அவற்றைக் கனாயேயின் கையில் வைத்தார்.

"முட்டி வலிச்சா சொல்லு" என்றார், முறைப்பாகவே.

அவள் ஷியோரிக்கு எதிரே வந்து நின்றாள். இருவரும் பிடித்தார்கள். மெல்லத் தூக்கிக் குடத்துக்குள் இறக்கினார்கள். ஷியோரி தன் குச்சிகளை வெளியே எடுத்துவிட்டாள். கனாயேயின் குச்சிகள் உள்ளேயே இருந்தன. ஊழியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.