சிட் அப், லை டவுன்

ராஜவேல் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். நடுவீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா கலியன் கிடந்தார். பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமியது.

"துக்கத்துக்கு வர்றவன் எல்லாம் இதப் படிச்சிக்கினு நிக்கிறான். இது சாவு வூடா, டியூஷன் சென்டரா?"

"கிழிக்காத ண்ணா. மெதுவா எடு," என்றாள் நிவேதா.

"எதுக்கு? அடுத்தது யாரப் போட்டுப் பழகப்போற? அம்மாவயா?"

கதவில் 'கம் இன்'. சுவிட்சுக்கு மேல் 'டர்ன் ஆஃப்'. அடுப்பு மேடைக்கு நேராக 'வைப் இட் ஆஃப்', துடைத்துவிடு என்று. ஒவ்வொரு சீட்டிலும் இங்கிலீஷில் ஒரு வாக்கியம், கீழே தமிழில் அர்த்தம். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போக வேண்டுமென்றால் பேச்சுப் பரீட்சை தேற வேண்டும். நிவேதா இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பேச்சில்தான் விழுந்தாள். "பெரிய பெரிய வார்த்தையெல்லாம் ஒனக்கு வருது. தெனப்படி பேச்சுதான் வரல," என்று பயிற்சி வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். "வாந்தி எடுத்தியான்னு கேக்க அவங்க டாக்டர் மாதிரி பேச மாட்டாங்க. த்ரோ அப்னுதான் சொல்லுவாங்க. காலைல எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் அப்படியே பேசிப் பழகு."

மூன்றாவது பரீட்சை இன்றைக்கு. புதுச்சேரியில், மதியம் இரண்டு மணிக்கு. இந்த மாதக் கடைசிக்குள் தேறினால்தான் அங்கே கிடைத்த வேலை கை நழுவாது. அப்பாவின் உயிர் விடியற்காலை ஐந்துக்குப் போயிற்று. அத்தை வந்து சேர்ந்ததும் இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

நிவேதா தோள்பையைத் திறந்து கையை விட்டாள். ஹால் டிக்கெட் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை.

"தேடாத," ராஜவேல் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "இங்க இருக்குது. அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்து தர்றேன்."

"அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும்."

"முடியட்டும்."

"ண்ணா, பொம்பளைங்க எப்டியும் தெருமொனையோட திரும்பிடப் போறோம். நான் இருந்து என்ன ஆகப்போவுது?"

"பொண்ணு இல்லாம பொணத்த எடுத்தாங்கன்னு ஊர் பேசணும், அதான? ஏன்டி, விடிகாலைல நான் வாசப்படி ஏறும்போது என் காதால கேட்டேன். ப்ரீத் இன், ப்ரீத் அவுட்டுன்னு அவருகிட்ட கத்திக்கினு இருந்த. நம்ம ஊர்ல இங்கிலீஷ்ல யாருகிட்ட சிட்டு, கெட் அப்புன்னு சொல்லுவாங்க? நாய்கிட்டதான் சொல்லுவாங்க. பெத்தவன் சாவும்போது ஒரு தடவ 'அப்பா'ன்னு கூப்பிட்டியாடி?"

நிவேதா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கூப்பிடவில்லைதான்.

அவளும் அப்பாவும் பேசி மூன்று வருடம் ஆயிற்று. மாமன் மகனைக் கட்டமாட்டேன் என்று அவள் சொன்ன அன்று, கலியன் தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷைச் சொன்னார்: "கெட் அவுட்." உப்பள முதலாளி கூலியாட்களை விரட்டச் சொல்லும் வார்த்தை அது. அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். விடுப்பு நாளில் மத்தியானச் சோற்றை எடுத்துப் போய் அவர் வேலை செய்யும் பாத்தி வரப்பில் வைப்பாள், திரும்பி வந்துவிடுவாள். அவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

மாசியில் அவருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ஊசி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ள இவளை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. முதல் நாள், "எழுந்து ஒக்காருப்பா," என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மாத்திரையோடு வந்தவள், வாயில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"சிட் அப், ப்ளீஸ்."

கலியன் எழுந்து உட்கார்ந்தார்.

அர்த்தம் புரிந்தா, கை ஜாடையைப் பார்த்தா, அவருக்குத்தான் தெரியும். அன்றையிலிருந்து அந்த வீட்டில் அதுதான் நடந்தது. ரோல் ஓவர் என்றால் புரண்டு படுத்தார். டேக் ஆஃப் யுவர் ஷர்ட் என்றால் பித்தானைக் கழற்றினார். ஸ்பிட் இட் அவுட் என்றால் கிண்ணத்தில் துப்பினார். தமிழில் சொன்னால் மட்டும் காது கேட்காது. யாரும் யாரோடும் பேசவில்லை; யாரும் தோற்கவும் இல்லை. அம்பத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிற அண்ணனுக்கு இதை எந்த மொழியில் சொல்லி விளங்க வைப்பது?

வாசலில் சத்தம் கேட்டது. அப்பாவோடு முப்பது வருடம் உப்பு வாரிய கன்னியப்பன், கையில் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் உப்பளத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"ராஜவேலு! இது இன்னா?"

"குழிக்குப் போட உப்புங்க. இருபது பாக்கெட் வாங்கியாந்தேன்."

"கடையிலயா?"

"ஆமா. நல்ல உப்புதான்."

"நல்ல உப்பு!" கன்னியப்பன் பாக்கெட்டைத் தரையில் போட்டார். "ஏம்பா, கால் வெடிச்சி, கண்ணு பூத்து, ஆயுசுக்கும் உப்பு வாரினவன் குழியில பாக்கெட் உப்பா? இந்த ஊர்ல உப்பளத்துக்காரன் செத்தா அவன் வாரின பாத்தி உப்ப அவன் ரத்த ஒறவு அள்ளியாந்து போடணும். இல்ல, நீயே தனியாத் தூக்கிக்கினு போ. ஒருத்தனும் தோள் குடுக்க மாட்டோம்."

"செரி, போய் அள்ளியார்றேன். இதுக்குப் போயி..."

"எந்தப் பாத்தி?"

ராஜவேல் நின்றான்.

"சொல்லேம்பா. முந்நூறு பாத்தி இருக்குது. ஒங்கப்பன் எதுல நின்னான்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜவேல் உள்ளே வந்தான். காது மடல் சிவந்திருந்தது. நிவேதாவின் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் கேட்டான்.

"எந்தப் பாத்தி?"

"பாஸ்போர்ட்ட குடு."

"பொணத்த வெச்சிக்கினு பேரம் பேசுறியா?"

"நீதான ஆரம்பிச்ச."

"நாக்குல வெஷம்டி ஒனக்கு."

"உப்பு வந்ததும் என் கைல பாஸ்போர்ட் வரணும். நானே போய் அள்ளியார்றேன்."

ஸ்கூட்டரில் போனாள். வெயில் பாத்திகளில் விழுந்து கண்ணைக் குத்தியது. மேற்கு ஓடையை ஒட்டி ஏழாவது பாத்தி. வரப்பில் அவள் சோற்றுத் தூக்கை வைக்கும் தட்டைக்கல் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் அவர் கடைசியாக வாரிக் குவித்த சின்ன அம்பாரம், ஓலை மூடிக் கிடந்தது. எடுத்துப் போக யாரும் வரவில்லை போல. கூடை கொண்டுவர மறந்துவிட்டாள். கையாலேயே அள்ளிச் சாக்கில் போட்டாள். கல்லுப்பு விரல் நுனிகளைக் கீறியது. சாக்கு நிறைந்தும் கொஞ்ச நேரம் அள்ளிக்கொண்டே இருந்தாள்.

சாக்கைப் பார்த்ததும் கன்னியப்பன் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"இதான்," என்றார். "கட்றா பாடைய."

ராஜவேல் பாஸ்போர்ட்டை அவள் கையில் தரவில்லை. பெஞ்சின் மேல் எறிந்தான். மணி பன்னிரண்டே கால். அவள் அதை எடுத்துப் பையில் போட்டபோதுதான் மூலையில் இருந்த அம்மா கொளஞ்சி முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"எங்க?"

"பரீட்சைம்மா."

ஒப்பாரி நின்றது. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வயித்துல பொறந்துதா, கல்லுல பொறந்துதா," என்றாள் ஒருத்தி.

"போறவ போவட்டும்," என்றாள் அம்மா. குரலில் ஈரமே இல்லை. "ஆனா குளிச்சிட்டுப் போவாத. பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி நீ தல முழுவிட்டுப் போனன்னா, இந்த வூட்டுக்கும் சேத்து முழுவிட்டன்னு நெனச்சிக்குவேன்."

நிவேதா கண்ணாடிப் பெட்டி அருகே போனாள். கலியனின் தாடைக்கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் குனிந்தாள். வாய் திறந்தது.

"இன்னிக்கும் இங்கிலீஷா?" என்றான் ராஜவேல் பின்னாலிருந்து.

வாயை மூடிக்கொண்டாள். தாடைக்கட்டைச் சரி செய்யச் சொல்லிக் கன்னியப்பனிடம் கண்ணால் காட்டிவிட்டு, படி இறங்கினாள்.

பரீட்சை மையத்தில் ஏ.சி. குளிர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் உதட்டுக்குள் முணுமுணுத்தபடி இருந்தார்கள்: லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு. முன்னால் நின்ற பெண் இவளுடைய கசங்கிய புடவையைப் பார்த்து ஓரடி தள்ளி நின்றாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிடத்தில் பாடை வாசலைத் தாண்டிவிடும்.

மேசையில் இருந்தவன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். "கட்டை விரல வைங்க."

வைத்தாள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

அவன் அவளுடைய விரலைப் பார்த்தான். ரேகைகளுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"வைப் இட் ஆஃப், மேடம்," என்று ஒரு காகிதத் துண்டை நீட்டினான்.

நிவேதா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அதை மடித்துப் பையில் வைத்தாள். கட்டை விரலை வாய்க்குள் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு எடுத்து, இயந்திரத்தின் கண்ணாடியில் அழுத்தினாள். பச்சை.