இறங்காத மின்சாரம்

புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள் காலை, எலக்ட்ரீஷியன் தன் தங்கை வீட்டுக் கூரைமேல் குப்புறப் படுத்து சோலார் ஓடுகளை நெம்பிக்கொண்டிருந்தான். சாதாரண ஓட்டுக்குப் பதிலாக, வெயிலில் மின்சாரம் தரும் இந்த ஓடுகளை அவனேதான் பதித்திருந்தான். கீழே தங்கையின் கணவர் ஆக்சிஜன் மெஷினை நம்பிக் கிடந்தார். ஏதோ ஓர் ஓட்டின் இணைப்பு கருகியிருந்தது; வெயில் அடித்தும் மின்சாரம் இறங்கவில்லை. பேட்டரி வடிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ், சாலையில் சாய்ந்த மரங்களுக்கு அப்பால் மாட்டிக்கொண்டது.

ஓர் ஓட்டின் அடியைப் பார்க்க, அதற்கு மேலுள்ளதைக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இணைப்பு. கூரை முழுக்க ஓடுகள்.

“அண்ணா, கிடைச்சுதா?”

“பார்த்துட்டுதான் இருக்கேன்.”

“பார்த்துட்டே இரு. இங்க இவரு உதடெல்லாம் நீலமாகுது!”

“பேனலே போதும், கெட்டுப்போனா சட்டுனு மாத்திடலாம்” என்று கூரை போடும் முன்பே மாப்பிள்ளை சொன்னார். “கூரைமேல கட்டிலைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும்” என்று தங்கைதான் முகம் சுளித்தாள். அவனும் ஒத்து ஊதினான். அப்படியொரு அழகான கூரையைப் போட்டுக்காட்ட அவனுக்கும் ஆசை. தன் வீட்டில் மட்டும் பேனல்தான் மாட்டியிருந்தான்.

உள்ளே மெஷின் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. தங்கை அலறினாள்.

அவன் ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்தான். அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு ஓடினான்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் மனைவி.

“மாப்பிள்ளையை அசைக்க முடியாது. ஆளுங்களைக் கூப்பிடு. பேனலை எல்லாம் கழற்றணும்!”

போல்ட்டுகளைத் திருகித் திருகி விரல்கள் கிழிந்தன. அக்கம்பக்கத்தார் பேனல்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தங்கை வீட்டு மதிலில் வரிசையாகச் சாய்த்தார்கள். ஒயரை ஜன்னல் வழியே இழுத்து இன்வெர்ட்டரில் மாட்டினான்.

“என்னைப் பாருங்க, மூச்சை இழுங்க” என்று தங்கை தன் கணவரை உலுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கண்கள் மேலே செருகியிருந்தன.

மெஷின் முனகி, ஓடத் தொடங்கியது.

மேகம் மறைத்தபோதெல்லாம் அது திணறியது. வெயில் நகர நகர, அவர்களும் பேனல்களை நகர்த்தினார்கள். மாலைக்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துசேர்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாடி இருந்தது. “பிழைப்பாரா?” என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள்.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் போன தங்கை, வாசலில் நின்று திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீயும் வாண்ணா. எனக்குப் பயமா இருக்கு.”